பாத்ரூம் சுவர்ல பெயின்ட் நிக்கலையா? மலைநாட்டு வீட்டுக்காரங்களுக்கு

எங்க வீடு இலங்கை மலைநாட்டுல அட்டன் பக்கம். பாத்ரூம் திருத்த ஆரம்பிச்சு பதினாலு மாசம் ஆச்சு, ஏன்னா வேலை ஞாயித்துக்கிழமை மட்டும் தான், அதுவும் கையில காசு இருந்தா டைல்ஸ் வாங்குவோம், காசு இல்லன்னா பழைய பெயின்ட்ட சுரண்டுவோம், அப்பிடி ஒரு வேலை. கீழ நாலரை அடிக்கு டைல்ஸ், அதுக்கு மேல பெயின்ட். டைல்ஸ் ஒரு பிரச்சினையும் குடுக்கல. பெயின்ட் தான் உயிர வாங்குச்சு. ஒரே சுவருக்கு மூணு தடவ அடிச்சவன் நான், அதனால எது எதுக்கு எப்பிடி ஆகுதுன்னு இப்ப ஓரளவுக்கு தெரியும்.

முதல்ல ஒண்ணு. சுவர்ல ஏதாவது தெரிஞ்ச ஒடனே ஹாட்வெயார் கடைக்கு ஓடி இன்னொரு டின் வாங்காதீங்க. நின்னு மூணு விஷயம் பாருங்க: எந்த சுவர், எந்த உயரத்துல, எந்த மாசத்துல. தரையிலருந்து ரெண்டு மூணடிக்குள்ளன்னா தண்ணி நெலத்துலருந்து ஏறுது. பைப் போற எடத்த சுத்தி மட்டும்னா பைப் கசியுது. மேல கூரை ஓரமா இருந்தா ஒண்ணு தகரம் ஒழுகுது, இல்லாட்டி குளிக்கிற ஆவி போக எடமில்லாம அங்க நிக்குது. பெயின்ட்ட குத்தம் சொல்றது கடைசியில தான்.

பெயின்ட் கொப்புளம் கொப்புளமா உப்புது

இது தான் எங்க வீட்டு வியாதி. நாலாவது நாள் போயி பாத்தா பின் சுவர்ல வடை வேகுற மாதிரி உப்பி நிக்குது.

ஒரு கொப்புளத்த பிளேட்டால கீறி தொறந்து பாருங்க. உள்ள பக்கம் சீமெந்து தெரிஞ்சா, இல்ல ஈரம் கையில பட்டா, தண்ணி சுவருக்குள்ளருந்து வந்து பெயின்ட்ட தள்ளுதுன்னு அர்த்தம். உள்ள முதல் கோட் நல்லா ஒட்டிக்கிட்டு இருந்து மேல் கோட் மட்டும் எழும்பி இருந்தா, முதல் கோட் காயறதுக்கு முன்ன ரெண்டாவது அடிச்சிட்டீங்க, இல்லாட்டி ரெண்டு கோட்டுக்கும் நடுவுல சோப்பு படிஞ்சிருக்கு. இந்த ரெண்டாவது கேஸ் லேசு, சுரண்டி தேச்சு காய விட்டு திருப்பி அடிச்சா சரியாயிடும்.

முதல் கேஸ்னா ஒரு டெஸ்ட் இருக்கு, செலவு ஒண்ணும் இல்ல. தடிப்பான பொலித்தீன் ஒண்ணு, ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி, பெயின்ட் சுரண்டின எடத்துல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடுத்த நாள் பாக்கும்போது பொலித்தீனுக்கு உள் பக்கம், அதாவது சுவர் பக்கம், முத்து முத்தா தண்ணி இருந்தா சுவருக்குள்ளருந்து வருது. உள்ள காஞ்சிருந்து வெளி பக்கம் மட்டும் ஈரமா இருந்தா அது அறைக்குள்ள இருக்கிற ஆவி குளிருக்கு படியிறது. நான் ஒட்டி வெச்சிட்டு காலையில அஞ்சரைக்கு டோர்ச் அடிச்சு பாத்தேன், உள் பக்கம் முழுக்க வேர்த்து கீழ் டேப் மேல ஒரு கோடு மாதிரி தண்ணி தேங்கி நிக்குது. அன்னைக்கு தான் புரிஞ்சுது ரெண்டு தடவ அடிச்ச பெயின்ட்டும் ஏன் வீணாச்சுன்னு.

நம்ம பக்கத்துல இதுக்கு காரணம் பெரும்பாலும் ஒண்ணு தான். மேட்ட வெட்டி சமப்படுத்தி வீடு கட்டியிருப்பாங்க, பின் சுவர் மண் மேட்டுக்கு முதுகு குடுத்துக்கிட்டு நிக்கும், பாத்ரூம் எப்பவும் அந்த பின் பக்கம் தான் இருக்கும். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு கான், அதாவது தண்ணி ஓடுற வாய்க்கால், இருக்கணும், எங்க வீட்லயும் இருந்துச்சு, ஆனா பத்து வருசமா விழுந்த எலயும் மேட்டுலருந்து சரிஞ்ச மண்ணும் சேந்து கான் இருந்த எடமே தெரியாம சுவர்ல ஒண்ணரை அடிக்கு மண் ஏறி இருந்துச்சு. தோட்டத்துல ஆயுசு பூரா கான் வெட்டின எங்க மாமா வந்து ஒரு தடவ பாத்துட்டு, "தம்பி, நீங்க உள்ள நின்னு பெயின்ட் அடிக்கிறீங்க, மழை வெளியில நின்னு சுவர நனைக்குது"ன்னு சொல்லிட்டு மம்பட்டிய எடுத்தாரு. ரெண்டு ஞாயித்துக்கிழமை. கான தரை மட்டத்துக்கு கீழ ஆழமாக்கி தண்ணி ஓடுற மாதிரி சரிவு வெச்சு, வெளி சுவர கழுவி காய விட்டு சீமெந்து பூசி வோட்டர் புரூஃப் அடிச்சோம். அதுக்கு அப்புறம் உள் பக்கத்துக்கு ஒண்ணுமே பண்ணாம ஆறு வாரம் சும்மா விட்டோம். அந்த ஆறு வாரம் தான் ரொம்ப கஷ்டம், சுரண்டின சுவர தினமும் பாத்துக்கிட்டு இருக்கணும், வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் இன்னும் முடியலையான்னு கேப்பாங்க.

ஆனா ஒண்ணு, கான சுத்தம் பண்ணுறது வேற, மேட்ட வெட்டுறது வேற. இன்னும் கொஞ்சம் எடம் எடுப்போம்னு மேட்டோட அடிய வெட்டிடாதீங்க, நுவரெலியா பதுளை மாவட்டங்கள்ல மண்சரிவு எப்பிடி வருதுன்னு நம்மளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அப்பிடி வெட்டணும்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

மேடு இல்லாத சுவர்ல, அதுவும் டெப் இருக்கிற எடத்துக்கு நேரா மட்டும் உப்புனா பைப்ப பாருங்க. மீட்டர் இருக்கிற வீடுன்னா ராத்திரி எல்லா டெப்பையும் மூடிட்டு மீட்டர்ல நம்பர எழுதி வெச்சு காலையில பாருங்க. மீட்டர் இல்லாம டேங்க் இருக்கிறவங்க, டேங்குக்கு தண்ணி வர்ற வால்வ மூடிட்டு தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டு வைங்க. யாரும் தொடாம மட்டம் எறங்கியிருந்தா எங்கயோ கசியுது, முதல்ல பாத்ரூம பாருங்க.

வெள்ளையா பவுடர் மாதிரி பூக்குது

பூஞ்சணம்னு நெனச்சு தண்ணி ஊத்தி கழுவுவாங்க, அது தான் தப்பு. இது உப்பு. சீமெந்துலயும் கல்லுலயும் இருக்கிற உப்ப தண்ணி கரைச்சுக்கிட்டு வெளிய வருது, தண்ணி ஆவியா போயிடும் உப்பு சுவர்லயே தங்கிடும். நீங்க தண்ணி ஊத்துனா அது திருப்பி கரைஞ்சு உள்ள போயி அடுத்த வெயிலுக்கு மறுபடி பூக்கும். காஞ்ச பிரஷ்ஷால தட்டி விட்டு, விழுந்த தூள கூட்டி அள்ளுங்க, ஒரு வாரம் கழிச்சு பாத்து திருப்பி பூத்தா திருப்பி தட்டுங்க. பூக்குறது நிக்கிற வரைக்கும் பெயின்ட் வேணாம். தண்ணி வர்ற வழிய அடைக்காம இது நிக்காது, அதுக்கு மேல சொன்னதையே பாருங்க.

புதுசா பூசின சுவர்ல கொஞ்சம் பூத்தா பயப்பட வேணாம், பூச்சுல இருக்கிற தண்ணி வெளிய போற வரைக்கும் அப்பிடி தான் இருக்கும்.

கலர் திட்டு திட்டா வெளுத்து போச்சு

புதுப் பூச்சு மேல சீக்கிரமா அடிச்சா வர்றது இது. எங்களுக்கு சுவர் பூசின மேசன் பாஸ் ரெண்டு வாரத்துல அடிக்கலாம்னு சொல்லிட்டு போயிட்டாரு, நானும் அடிச்சேன், இளம் பச்சை அடிச்ச சுவர் ஒரு மாசத்துல வெயில்ல காஞ்ச வாழ எல மாதிரி ஆயிடுச்சு. சீமெந்து பூச்சு குறைஞ்சது 28 நாள் காயணும்னு சொல்லுறது சும்மா இல்ல, புதுப் பூச்சுல காரம் ரொம்ப அதிகம், காரத்த அளக்குற பிஎச் கணக்குல 12, 13 வரைக்கும் போகும், அது பெயின்ட்டோட கலரையும் பிசினையும் தின்னுடும். 28 நாளுங்கிறது கூட நல்லா காயுற ஊருக்கு. பனியும் தூறலுமா இருக்கிற நம்ம ஊருக்கு ஆறேழு வாரம் வைங்க.

காரம் போச்சான்னு பாக்க பிஎச் பேப்பர் கெடைச்சா நல்லது. கெடைக்காட்டி மஞ்சள். மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா செவக்கும்னு ஆரத்தி கரைச்ச எல்லாருக்கும் தெரியும், அதே விஷயம் தான். வெள்ளைத் துணித் துண்டு ஒண்ண மஞ்சத் தண்ணியில நனைச்சு சுவர லேசா ஈரமாக்கி அதுல அழுத்தி ஒரு நிமிசம் பிடிங்க. துணி ஆரத்தி நெறத்துக்கு செவந்தா இன்னும் பொறுங்க, மஞ்சளாவே இருந்தா இல்ல லேசா தான் மாறுச்சுன்னா பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு அடியில போடுற முதல் பூச்சு, அடிக்கலாம். ஒரு மூலையில பண்ணி பாருங்க, மஞ்சக் கறை சுவர்ல ஒட்டிக்கும். அப்புறம் காரத்த தாங்குற பிரைமரா கேட்டு வாங்குங்க, நேரா எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கிற பெயின்ட்) அடிக்காதீங்க.

பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி உரியுது

உப்பல, ஈரம் இல்ல, ஆனா நகத்தால பிடிச்சு இழுத்தா ஒரு முழத்துக்கு அப்பிடியே வருது. அப்ப அடியில இருக்கிறது தான் ஒட்ட விடல.

உரிஞ்ச தோலோட பின் பக்கத்த பாருங்க. வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தா கீழ பழைய சுண்ணாம்பு. லயத்து வீடுகள்ல (தோட்டத்து வரிசை வீடுகள்), பழைய குவாட்டர்ஸ்கள்ல வருசா வருசம் பொங்கலுக்கு தீபாவளிக்கு அடிச்ச சுண்ணாம்பு தட்டு தட்டா இருக்கும், அது சுவர்லயே சரியா பிடிக்காது, அதுக்கு மேல நீங்க எவ்வளவு வெலைக்கு பெயின்ட் அடிச்சாலும் அது சுண்ணாம்ப தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஈரமாக்கி ஸ்கிரேப்பரால சுரண்டி, கழுவி, கையால தடவுனா வெள்ளை ஒட்டாத வரைக்கும் எடுக்கணும். குறுக்கு வழி கிடையாது, நான் தேடி பாத்துட்டேன்.

பின் பக்கம் வழுவழுன்னு சுத்தமா இருந்தா கீழ எனாமல், அதாவது எண்ணெய் பெயின்ட். பாத்ரூமுக்கு எனாமல் அடிக்கிறது அந்தக் காலத்து பழக்கம். பார்மசியில விக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட பஞ்சுல தொட்டு பழைய பெயின்ட்ட நல்லா தேய்ங்க, கலர் பஞ்சுல எறங்குனா எமல்ஷன், ஒண்ணும் ஆகாட்டி எனாமல். எனாமல்னா பளபளப்பு போற வரைக்கும் சாண்ட் பேப்பர் போட்டு, தொடச்சு, ஒட்டுற பிரைமர் ஒண்ணு அடிச்சிட்டு தான் எமல்ஷன். தேய்க்கும்போது தண்ணி தொட்டு தேய்ங்க, மாஸ்க் போடுங்க, புள்ளைங்கள பக்கத்துல விடாதீங்க. நம்ம நாட்டுல பெயின்ட்ல ஈயத்துக்கு சட்டப்படி அளவு அமுலுக்கு வந்தது 2013ல தான், அதுக்கு முந்தின எனாமல்ல என்ன இருக்கும்னு யாரு கண்டா.

ரெண்டும் இல்லன்னா சோப்பு. குளிச்சுக்கிட்டே திருத்துற வீட்ல இது கட்டாயம் வரும். எங்களுக்கு இருக்கிறது ஒரே பாத்ரூம், அஞ்சு பேரு, பிரைமர் அடிச்ச சுவர் காசு இல்லாம ரெண்டு மாசம் சும்மா கெடந்துச்சு, டைல்ஸ் வெட்டுன தூளும் சோப்புத் தண்ணியும் அதுல படிஞ்சு மேல கண்ணுக்கே தெரியாம ஒரு படை. பிரைமர் அடிச்சு ரொம்ப நாள் விட்டுட்டீங்கன்னா கழுவி, லேசா தேச்சு, இன்னொரு கை பிரைமர் போட்டுட்டு தான் மேல போகணும்.

காயவே மாட்டேங்குது, ரெண்டாவது கோட் முதல் கோட்ட இழுத்துக்கிட்டு வருது

டின்ல ரெண்டு மணித்தியாலம் நாலு மணித்தியாலம்னு போட்டிருக்கும். அது சூடான ஊருக்கு சொன்ன கணக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரத்துல இருக்கு, வருசத்து சராசரி வெப்பம் 16 டிகிரி தான், தை மாசி விடியக்காலையில புல்லு மேல உறைபனி விழுந்து தேயிலை கருகுற ஊர்ல கொழும்புக்காரன் நேரத்த பாத்து அடிச்சா எப்பிடி காயும்? எமல்ஷன் காயுறதுன்னா தண்ணி போறது மட்டும் இல்ல, உள்ள இருக்கிற குட்டி குட்டி பிசின் மணிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே தோலா ஆகணும், சுவர் 10 டிகிரிக்கு கீழ போனா அது சரியா ஒட்டாது, மேல காஞ்ச மாதிரி தெரியும் தொடச்சா மாவா வரும்.

நான் வெச்சிருக்கிற கணக்கு: காலையில பத்து மணிக்கு முன்ன பிரஷ் எடுக்கிறதில்ல, பகல் ரெண்டு மணிக்கு மேல அடிக்கிறதில்ல, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல முழுசா ஒரு நாள். பாத்ரூம் கண்ணாடி மங்கி இருந்தா சுவரும் நனைஞ்சிருக்குன்னு அர்த்தம், அன்னைக்கு அடிக்காதீங்க.

மாசத்தையும் பாருங்க. அட்டன், கினிகத்தேன, வட்டவளை, தலவாக்கலை பக்கம் வைகாசியிலருந்து புரட்டாசி வரைக்கும் தென்மேல் பருவ மழை, அந்த நேரத்துல நான் ஆனியில அடிச்ச கோட் அடுத்த ஞாயிறு வரைக்கும் கையில ஒட்டுச்சு. எங்களுக்கு தை கடைசியிலருந்து பங்குனி வரைக்கும் தான் நல்ல காலம், ராத்திரி குளிரும் ஆனா பகல்ல வெயில் காயும். பண்டாரவளை, பதுளை பக்கத்துக்கு இது அப்பிடியே தலைகீழ், அங்க மார்கழி தைல மழை, ஆடி ஆவணியில காத்தும் வெயிலும். பண்டாரவளையில இருக்கிற எங்க அக்கா ஆடியில அடிச்சு மூணே நாள்ல முடிச்சிட்டு எனக்கு போட்டோ அனுப்புனா, எரிச்சலா இருந்துச்சு.

விறகு அடுப்பையோ கரி சட்டியையோ பாத்ரூமுக்குள்ள வெச்சு காய வைக்காதீங்க. கதவ சாத்திட்டு கரி எரிச்சா உயிருக்கே ஆபத்து. ஃபேன் ஒண்ண வாசல்ல வெச்சு காத்த ஓட விடுங்க போதும், வயர் தண்ணியில படாம.

மஞ்சளா ஒழுகுன கோடு

ரெண்டாவது கோட் அடிச்சு மூணாம் நாள் யாரோ சுடுதண்ணியில குளிச்சிட்டாங்க. அடுத்த நாள் சுவர் மேலருந்து கீழ தேன் நெறத்துல கோடு கோடா ஒழுகியிருக்கு, அம்மா பாத்துட்டு யாரு வெத்தல எச்சி துப்புனதுன்னு கேட்டாங்க. விரல்ல தொட்டா லேசா பிசுபிசுன்னு சோப்பு மாதிரி இருக்கும். அது தான் அடையாளம். பெயின்ட்டுக்குள்ள கலக்குற ஒரு வகை சோப்புச் சாமான், பெயின்ட் இறுகுறதுக்கு முன்ன ஆவி பட்டா கரைஞ்சு வெளிய வந்துடும். பெயின்ட் கெட்டுப் போகல, பயப்படாதீங்க. ஈரத் துணியால தொடச்சு விடுங்க, ரெண்டு மூணு தடவ திருப்பி வரும், அப்புறம் நின்னுடும். இதுக்கு மேல பெயின்ட் அடிச்சு மறைக்க பாக்காதீங்க, புதுக் கோட்லயும் அதே வரும்.

வராம இருக்கணும்னா கடைசி கோட் அடிச்சு ஒரு வாரமாவது அந்த பாத்ரூம்ல சுடுதண்ணி வேணாம். நாங்க அந்த வாரம் பக்கத்து வீட்லயும் பீலியிலயும் (வெளியில தண்ணி விழுற பொதுக் குழாய்) குளிச்சோம். பெயின்ட் முழுசா இறுக மூணு நாலு வாரம் ஆகும், அது வரைக்கும் சுவர தேச்சு கழுவவும் கூடாது.

கருப்புப் புள்ளி

மேல் மூலையில மொளகு தூவுன மாதிரி வரும். அழுக்கா பூஞ்சணமான்னு பாக்க ப்ளீச் ஒரு சொட்டு வைங்க, ஒண்ணு ரெண்டு நிமிசத்துல வெளுத்தா பூஞ்சணம். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூணு பங்கு தண்ணி கலந்து பூசி, பத்து பதினஞ்சு நிமிசம் விட்டு கழுவி, நல்லா காய விட்டு தான் அடிக்கணும். பூஞ்சணம் மேல அப்பிடியே அடிச்சா அது கீழருந்து வளந்து வெளிய வரும். ப்ளீச்ச டொய்லட் கழுவுற அசிட்டோட கலந்துடாதீங்க, விஷ வாயு வரும், ஜன்னல தொறந்து வெச்சு கையுறை போட்டு செய்யுங்க.

ஆவி போக வழி இல்லாட்டி திருப்பி வரும். குளிருதுன்னு ஜன்னல் ஓட்டைய பேப்பர் வெச்சு அடைக்கிறது நம்ம ஆளுங்க பழக்கம், நாங்களும் அடைச்சு வெச்சவங்க தான். எக்ஸோஸ்ட் ஃபேன் போட்டா குளிச்சு முடிச்சும் இருவது நிமிசம் ஓட விடுங்க, அதோட குழாய் வெளிய போகணும், சீலிங்குக்கு மேல விட்டா ஆவி தகரத்துல படிஞ்சு திருப்பி உங்க தலையிலயே சொட்டும். தகரத்துக்கு கீழ சீலிங் இல்லாத பாத்ரூம்ல விடியக்காலையில மழையே இல்லாம சொட்டுதுன்னா அதுவும் இது தான், கூரை ஓட்டை இல்ல.

ஒரே கலர் ரெண்டு கலரா தெரியுது

கொஞ்சம் கொஞ்சமா வாங்கி அடிக்கிறவங்களுக்கு மட்டும் வர்ற நோய். ஒரே நம்பர் தான், ஆனா தையில கலந்த டின்னும் சித்திரையில கலந்த டின்னும் ஒண்ணா இருக்காது. முடிஞ்சா மொத்தத்தையும் ஒரே நேரத்துல வாங்கி பெரிய வாளியில ஒண்ணா கலந்துக்குங்க. முடியாட்டி ஒரு சுவர முழுசா ஒரு டின்லயே முடிச்சிட்டு மூலையில மாத்துங்க, மூலையில வித்தியாசம் கண்ணுக்கு தெரியாது. நடு சுவர்ல மாத்தினா பல்பு போட்டதும் தெரியும், நான் மாத்தினேன், இப்ப அங்க துவாய் தொங்குது.

மிச்ச சில்லறைகள். சிலிக்கன் மேல பெயின்ட் ஒட்டாது, அதனால பெயின்ட் முதல்ல, டைல்ஸ் ஓரத்து சிலிக்கன் அப்புறம். மாஸ்கிங் டேப்ப பெயின்ட் முழுசா காயறதுக்கு முன்ன உரிங்க, மறந்து விட்டுட்டா பிளேட்டால ஓரத்த கீறிட்டு உரிங்க. ஆணி, ஜீஐ பைப் பக்கத்துல துருக் கறை திருப்பி திருப்பி மேல வந்தா எமல்ஷன் எத்தன கை அடிச்சாலும் மறையாது, அந்த எடத்துக்கு மட்டும் எண்ணெய் பிரைமர் ஒரு கை போட்டுட்டு அடிங்க.

மிஞ்சின பெயின்ட்ட பாதி காலியான டின்லயே வைக்காதீங்க, மேல ஆடை கட்டும், கொஞ்ச நாள்ல நாறும். ஹோர்லிக்ஸ் போத்தல்ல வாய் வரைக்கும் ஊத்தி இறுக்கி மூடி எந்த சுவர், எந்த மாசம்னு மார்க்கர்ல எழுதி வைங்க. எங்க வீட்ல மூணு போத்தல் இருக்கு, ஒண்ணுல நான் எழுதல, அது எந்த சுவர்னு இப்ப யாருக்கும் தெரியாது.